சென்னை - சிங்கப்பூர்: போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

பெரம்பூர்வாசி:
அம்மா ஜூலை கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார், தனியாக, அதுவும் முதல் விமானப் பயணம். டிக்கெட்டில் இங்கே இரவு 11.15க்குக் கிளம்பி அங்கே காலை 6.10க்கு இறங்கும் என்று இருக்கிறது. செப்டம்பரில் திரும்பும்போது அங்கே காலை 9.40, இங்கே 11.10. இரண்டும் நேர் விமானம்தான். உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? முழங்கால் வலி இருக்கிறது, சுகர் மாத்திரை வேறு.

மாம்பலம் மைனா:
டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் போகும்போது கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். போக 4 மணி 25 நிமிடம், வர 4 மணி நேரம், அவ்வளவுதான். இறங்கும்போது வெளியே இருட்டாக இருக்கும், அங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும், ஏனென்றால் 1982ல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் இறக்கிவிட்டார்கள் என்று பயந்துவிடுவார். மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போடுவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கை நடைபாதை ஓரமாக வாங்குங்கள், முழங்காலுக்கு அதுதான் நல்லது.

கடலோடி பேரன்:
அந்த 25 நிமிட வித்தியாசத்துக்கு ஒரு காரணம் காற்று. நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ., மணிக்கு 850 கி.மீ. வேகம் என்றால் மூன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் நிறுத்தத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை கணக்கு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்க வரிசையில் காத்திருப்பதும் அதில் சேரும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து வீசினாலும், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும். நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவுக்குப் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அது முதுகில் தள்ளிவிடும்.

என் தாத்தா ரஜுலா கப்பலில் ஒரு வாரம் போல வாந்தி எடுத்துக்கொண்டே போனவர், அவர் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பார். அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலும் 1985ல் தீப்பிடித்ததோடு சரி.

மாம்பலம் மைனா:
ஒன்று விட்டுவிட்டேன். சிங்கப்பூரில் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். நேரத்தை மாற்றினால் தேதியையும் பாருங்கள்: நள்ளிரவு 12.30 டிக்கெட்டோடு ஒரு நாள் தாமதமாக மீனம்பாக்கம் போய் நின்ற ஆள் நான்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி. அம்மாவிடம் விளக்கினேன், "போகும்போது பிடுங்கின ரெண்டரை மணி நேரத்தை வரும்போது திருப்பிக் கொடுத்துடறாங்களா, அப்ப சரி" என்றார். இப்போது அவருடைய கவலை மாவடு ஜாடி. கைப்பையில் கொண்டு போகலாமா?

கடலோடி பேரன்:
கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஜாடியையும் விடுங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இரண்டு கவர் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.