மோட்டார் சைக்கிள் ‘எர்த்’: புவியிணைப்பு பொருந்தாது, ‘மீள்தடம்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் துணைவிளக்கு மாட்டுவோருக்கான கையேட்டின் வரைவைப் படித்தேன். நல்ல உழைப்பு. ‘எர்த்’, அதாவது விளக்குக்குப் போன மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, வருகிற இடத்தில் எல்லாம் ‘புவியிணைப்பு’ என்று போட்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சொல் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நம்பி வயரிங்கில் பழுது தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுவார். நானே அப்படித் தேடியவன்.

என் வண்டியில் கிராஷ் கார்டில் 35 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு மாட்டியிருந்தேன். எரியும், ஆனால் மஞ்சளாக, சோர்ந்துபோய் எரியும். ஒரு விளக்கின் இணைப்பைக் கழற்றினால் மற்றது கொஞ்சம் தெளியும். பல்பை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ரிலேயையும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) மாற்றினேன். விளக்கின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டியது. வயரிங்கில் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். மின்னோட்டம் ஓடாதபோது மோசமான இணைப்பிலும் மின்னழுத்தம் இழப்பாகாது. நூறு இழையில் ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரில்கூட மீட்டர் முழு வோல்டையும் காட்டும்.

அப்புறம் விளக்கை எரியவிட்டே அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். பேட்டரியின் பிளஸ் முனைக்கும் விளக்கின் பிளஸ் வயருக்கும் இடையில் 0.3. விளக்கின் கறுப்பு வயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையில் 2.4! விளக்குக்குக் கிடைத்தது வெறும் 9.7 வோல்ட். கறுப்பு வயரின் லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) கிராஷ் கார்டு போல்ட்டின் கீழே வைத்து முறுக்கியிருந்தேன். அதன் அடியில் கெட்டியாகப் பெயிண்ட். போல்ட்டைத் தொட்டால் சுட்டது. சுமார் 5 ஆம்பியர் ஓடும் வழியில் 2.4 வோல்ட் விழுந்தால் 12 வாட் அந்த ஒரு முறுக்கிலேயே வெப்பமாகிறது, சுடாமல் என்ன செய்யும்? லக்கைக் கழற்றிவிட்டு, கறுப்பு வயரை நேராகப் பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோனேன். 2.4 என்பது 0.1க்குக் கீழே வந்தது. விளக்கு வெள்ளையாக எரிந்தது.

இத்தனை நாள் நான் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? ‘எர்த்’ என்றதும் வீட்டு வயரிங்தான் மனதில் வந்தது. வீட்டில் புவியிணைப்பு ஒரு பாதுகாப்புக் கம்பி. சாதாரணமாக அதில் மின்னோட்டம் ஓடாது. அது விட்டுப்போனாலும் விளக்கு எரியும். வண்டியில் நிலைமை தலைகீழ். விளக்குக்குப் போன மின்னோட்டம் அத்தனையும் அந்தக் கறுப்பு வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். வண்டியோ ரப்பர் டயரில் நிற்கிறது, புவியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் படிப்பவர், ‘சும்மா எங்கேயாவது ஒரு போல்ட்டில் மாட்டினால் போதும்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மண்ணோடு இணைப்பதற்கு ‘தேர்’, வண்டியின் உடலோடு இணைப்பதற்கு ‘மாஸ்’. ஜெர்மனிலும் ‘எர்டே’ வேறு, ‘மாசே’ வேறு. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்குமே, அவை டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின் எண்கள். பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு அதில் 31 என்று தனி எண்ணே உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காகத் தமிழும் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

‘புவியிணைப்பு’க்குப் பதிலாக நம் விவாதத்தில் இதுவரை வந்த மாற்றுச் சொற்களைப் பற்றி என் கருத்து. ‘எதிர்முனை இணைப்பு’ கூடாது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பிளஸ் முனையைத்தான் சேசிஸோடு இணைத்திருப்பார்கள். அந்த வண்டிக்காரர் கையேட்டை அப்படியே நம்பினால் இணைப்பு தலைகீழாகும். ‘சட்ட இணைப்பு’ என்றால் ஃபிரேம் நினைவுக்கு வருமுன் நீதிமன்றம் வந்து நிற்கும். ‘உடல் இணைப்பு’ பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களுக்கு நெருக்கமானது, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நான் கடைசியில் செய்ததைப் பாருங்கள்: வயர் வண்டியின் உடலைத் தொடாமலே பேட்டரிக்குப் போகிறது. கையேடும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. அதை உடல் இணைப்பு என்று எப்படிச் சொல்வது?

அதனால் வேலையைச் சொல்லும் சொல்லாக ‘மீள்தடம்’ என்று வைக்கலாம் என்கிறேன். மின்னோட்டம் மீண்டு வரும் தடம். அது ஃபிரேமாக இருக்கலாம், தனி வயராக இருக்கலாம், பிளஸ் பக்கமாகவும் இருக்கலாம். ‘மீள்வழி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நெருக்கமான சொல்தான், ஆனால் துன்பத்திலிருந்து தப்பும் வழி என்ற பொருள் முந்திக்கொள்கிறது. புணர்ச்சி இலக்கணப்படி மீள்தடம் ‘மீடடம்’ என்று ஆக வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: நாடோறும் என்று எழுதிய காலம் இருந்தது, இன்று நாள்தோறும் என்றுதான் எழுதுகிறோம். கலைச்சொல்லில் உறுப்புகள் பிரிந்து தெரிவதே நல்லது.

சொல் நிலைக்குமா என்பதை அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லலாம். லக்கை முறுக்கும் இடம் ‘மீள்தடப் புள்ளி’. என் வண்டியில் விழுந்த அந்த 2.4 வோல்ட் ‘மீள்தட இழப்பு’. ஹேண்டில்பாரில் மாட்டிய விளக்கு, ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் மினுங்குகிறது என்று அடிக்கடி கேள்வி வரும். ஹேண்டில்பார் உலோகத்தையே எர்த்தாக நம்பியிருந்தால், மின்னோட்டம் ஸ்டியரிங் பேரிங்கின் கிரீஸ் பூசிய குண்டுகள் வழியாகத் திரும்ப வேண்டியிருக்கும். ‘மீள்தடம் பேரிங் வழியாகப் போகிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘புவியிணைப்பு பேரிங் வழியாகப் போகிறது’ என்றால் யாருக்குப் புரியும்? (அதே அறிகுறிக்கு ஸ்டெம், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் தண்டு, அருகே வளைந்து வளைந்து உள்ளே செப்பிழை அறுந்த வயரும் காரணமாகலாம். மேலுறை நன்றாகவே இருக்கும். அதற்கு ‘உள்முறிவு’ போதும் என்று நினைக்கிறேன்.)

மெக்கானிக்குகள் ‘எர்த் கிடைக்கல’ என்று சொல்வதை நாம் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். கையேட்டில் முதல் தடவை ‘மீள்தடம், அதாவது பேச்சுவழக்கில் எர்த்’ என்று எழுதிவிட்டால் இரு பக்கத்தாருக்கும் பிடிபடும். ரிலே, ஃபியூஸ், சுவிட்ச் மூன்றையும் அப்படியே விடலாம். ஃபியூஸுக்கு ‘மின்னுருகி’ பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுவோர் எழுதட்டும்.

இன்னொன்று. ஏழாம் பக்கத்தில், ஃபியூஸ் போகும் காரணம் ‘மின்கசிவு’ என்று இருக்கிறது. செய்தித்தாள் பழக்கம் அது. பிளஸ் வயர் உரசி ஃபிரேமைத் தொட்டு, ஃபியூஸ் சட்டென்று போனால் அது குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்). வண்டியை நிறுத்திவைத்திருக்கும்போதே சொட்டுச் சொட்டாகப் பேட்டரி காலியாகிறதே, அதுதான் கசிவு. இரண்டையும் தேடும் முறை வேறு, தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்.

‘மீள்தடம்’ சரி என்று படுகிறவர்கள், மங்கலாக எரியும் விளக்கு பற்றிய பத்தியில் அதைப் போட்டுப் படித்துப் பாருங்கள்: “விளக்கை எரியவிட்டு, அதன் கறுப்பு வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே மீள்தட இழப்பை அளக்கவும். அரை வோல்டுக்கு மேல் இருந்தால் மீள்தடப் புள்ளியைக் கழற்றிப் பெயிண்டையும் துருவையும் சுரண்டவும்.” எனக்கு இது முதல் வாசிப்பிலேயே புரிகிறது. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.