புறாவின் கால் மூட்டு வீக்கம்: தீவனக் கடை மருந்து போதுமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
வணக்கம். என் பந்தயப் புறா ஒன்றின் கால் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது. எச்சமும் பச்சையாக, நீர்த்துப் போகிறது. தீவனக் கடையில் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடியைக் குடிநீரில் கலக்கலாமா?

மறுமொழி (ஃபீனிக்ஸ்)
தம்பி, இப்போதைக்குக் கலக்க வேண்டாம். புறாவுக்கு மூட்டு வீக்கமும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் முதலில் ஐயுற வேண்டியது பாராடைஃபாய்டு எனப்படும் சால்மோனெல்லா தொற்று. ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற வேறு கிருமிகளாலும் மூட்டு வீங்கும் என்பதால், மருந்து தொடங்கும் முன்பே மருத்துவர் மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதுதான் சரியான வழி. நோயுற்ற பறவை குறைவாகவே தண்ணீர் குடிக்கும். ஆகவே குடிநீரில் கலந்த மருந்து போதிய அளவு உடலில் சேராது. பறவைகளின் சீழ் பாலாடைக் கட்டிபோல் இறுகிவிடுவதால், சில சமயம் மூட்டைத் திறந்து கழுவவும் நேரும். பாவம், பறவைக்கு வலிக்கும்; அதற்கும் மருந்து கேளுங்கள்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
அண்ணன் சொன்னது சரி. என் கவலை மற்ற புறாக்களைப் பற்றியது: தேறிய பறவையும் எச்சத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். எனவே நோயுற்ற புறாவைத் தனிக் கூண்டில் வையுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கைகளைச் சோப்பால் கழுவுங்கள். மூட்டில் வெண்ணிற முடிச்சுகள் தென்பட்டால் அது யூரிக் அமிலம் படியும் கீல்வாதமாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. முடிச்சு எதுவும் இல்லை. பறவையைப் பிரித்து வைத்துவிட்டேன். நாளை காலையே பறவை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன்.