அந்த ஓவர்டைம் சீன்: 'ஹோமிசைட்' சீரியல்ல ராபின் வில்லியம்ஸ்

கெஸ்ட் ரோல்னாலே எனக்கு அலர்ஜிங்க. பெரிய நடிகர் வருவார், கேமரா அவரையே சுத்திட்டு இருக்கும், அஞ்சாவது நிமிஷமே இவர்தான் கொலைகாரன்னு தெரிஞ்சிடும். அந்த நெனப்போடதான் 'ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்'ங்கற அமெரிக்க போலீஸ் சீரியலோட ரெண்டாவது சீசன் மொத எபிசோட் 'பாப் கன்' போட்டேன், 1994 ஜனவரில என்பிசி டிவில வந்தது. கெஸ்ட்டா வர்றது ராபின் வில்லியம்ஸ், அவரோட காமெடி படம் மிசஸ் டவுட்ஃபயர் ரிலீசாகி ரெண்டு மாசம்கூட ஆகல, சரி ஏதாவது சேட்டை பண்ணுவாருன்னு பாத்தா மனுஷன் சேட்டை பக்கமே போகல. குடும்பத்தோட பால்டிமோர் சுத்திப் பாக்க வந்த எடத்துல வழிப்பறி, புள்ளைங்க கண்ணு முன்னாடியே பொண்டாட்டிய சுட்டுடறானுங்க. அப்புறம் ஸ்டேஷன்ல இருக்கும்போது, இந்த கேஸ்ல ஓவர்டைம் காசு எவ்ளோ தேறும்னு டிடெக்டிவ்ங்க ஜாலியா பேசறது இவர் காதுல விழுது.

அங்க பாஸ் பண்ணிட்டேன். அப்பா ஐசியூல இருந்தப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன், மடியில அப்பாவோட வாட்ச், கண்ணாடி, பல்செட்டு எல்லாம் போட்ட பாலிதீன் கவர், உள்ள ஸ்டாஃப் ரெண்டு பேரு பிரியாணில லெக் பீஸ் வைக்கலன்னு சொல்லி சிரிக்கறாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம், விடுங்க. நான் ஒண்ணும் கேக்கல. சீரியல்ல இவர் நேரா மேலதிகாரிகிட்ட போய் அப்படிப் பேசின டிடெக்டிவ கேஸ்ல இருந்து தூக்குங்கன்னு கேக்கறாரு. கத்தல் எல்லாம் பெருசா இல்ல, மூஞ்சி மட்டும் கோணிக்குது. இதுக்கு எம்மி டிவி விருது நாமினேஷன் கெடச்சதாம், குடுத்தே இருக்கலாம்.

---

செம எபிசோட் ப்ரோ. ராபின் வில்லியம்ஸ் பையனா வர்றது யாருன்னு கவனிச்சீங்களா? பின்னாடி ஹாலிவுட் ஹீரோ ஆன ஜேக் ஜிலன்ஹால்! டைரக்டர் அவங்க அப்பா ஸ்டீஃபன். நான் மூஞ்சிய பாத்துட்டு எங்கயோ பாத்திருக்கோமேன்னு யோசிச்சு யோசிச்சு பாதி கதைய விட்டுட்டேன், திரும்ப பாக்கணும்.

---

நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கறவன், நீங்க சொன்ன ஐசியூ கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளு, 11 வருஷமா நைட் டூட்டி, அதனால கொஞ்சம் பேசிக்கறேன். அந்த ஓவர்டைம் பேச்சு சும்மா எழுதினது மாதிரி எனக்கு தோணல. அந்த ஸ்கிரிப்ட்ல டேவிட் சைமன் பேர் இருக்கு, டேவிட் மில்ஸோட சேந்து எழுதினது. சைமன் பால்டிமோர் சன் பேப்பர்ல ரிப்போர்ட்டரா இருந்தவரு, 1988ல முழுசா ஒரு வருஷம் கொலை கேஸ் போலீஸோடவே கெடந்துதான் 'ஹோமிசைட்' புக்கே எழுதினாரு, அதுல இருந்துதான் சீரியலே வந்தது. நாங்களும் அப்படித்தாங்க பேசுவோம், லீவு, அரியர்ஸ், டிபன். ஒவ்வொரு பெட்டுக்கும் அழுதா காலையில ஊசி போட கை நிக்காது. ஆனா வெளிய பெஞ்சு இருக்குன்னு ஞாபகமே வராது பாருங்க, அது தப்புதான். உங்க அப்பாவுக்கு அப்புறம் எப்படி இருக்கு? இத படிச்சதுல இருந்து பேண்ட்ரி கதவ சாத்திட்டுதான் பேசறேன்.