அர்ஜென்டினா இடதுசாரிக் கூட்டணி உடையாதது எப்படி?

மாங்குளத்தான்: 2011இல் மூன்று ட்ரொட்ஸ்கியக் கட்சிகள் (ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கியின் வழி வந்தவை) சேர்ந்தன, 2019இல் நாலாவது. இன்னும் ஒன்றாகவே நிற்கிறார்கள். இங்கே வன்னியில் ஆறு ஆசனத்துக்கு எத்தனை சுயேச்சைக் குழு! வாக்குச்சீட்டை மடிக்கவே மேசை போதாது. அவர்களை எது பிடித்து வைத்திருக்கிறது?

முள்ளியவளை: பயம்தான் அண்ணை. 2009 சட்டப்படி, வேட்பாளர்களைத் தெரிவுசெய்ய மக்கள் வாக்களிக்கும் முன்தேர்தலில் 1.5 சதவீதம் எடுக்காவிட்டால் பொதுத்தேர்தலில் நிற்க முடியாமல் இருந்தது; 2025இல்தான் முன்தேர்தலை இடைநிறுத்தினார்கள். அதுவரை தனித்துப் போனால் கதவடைப்புத்தான்.

குளக்கட்டு: ஆசனமும் சுழற்சிதான். ஒருவர் இடையில் விலகி அடுத்த கட்சிக்காரருக்கு விடுவார். எங்கட ஆட்கள் எழும்புவினமோ?

மாங்குளத்தான்: விருப்பு வாக்கு (கட்சிக்குப் போட்டுவிட்டு அதன் பட்டியலில் பிடித்த ஆளுக்கும் போடுவது) இருக்கும்வரை நடக்காது, ஒரே பட்டியலில் நிற்பவன்தான் முதல் எதிரி. அப்புறம், 2021இல் ஹுஹுய் மாகாணத்தில் இந்தக் கூட்டணியின் துப்புரவுத் தொழிலாளி அலெஹாந்த்ரோ வில்கா கால்வாசி வாக்கோடு நாடாளுமன்றம் போனாரே, அதற்குப் பயம் மட்டும் காணாது தம்பி.