மாதவிடாயை எழுதியபோது, வரைந்தபோது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர், தஞ்சாவூர்

மாதவிடாயைப் பற்றிக் கதை, கவிதை, ஓவியம் என்று ஏதாவது செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதை யார் கண்ணில் படும்படி வைத்தீர்கள், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். முதலில் நான்.

நான் எழுதியது ஒரு சிறுகதை. எங்கள் வீட்டில் அம்மா மாதம் மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில்தான் இருப்பார். தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு கோரைப்பாய். சோற்றைக் கொண்டுபோய்த் தள்ளி வைக்கும் சிறுமியின் பார்வையில் கதை போகும். ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். "அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மாற்றிக் கொடுங்கள், போட்டுவிடலாம்" என்று பதில் வந்தது. மாற்ற மனமில்லை. அப்புறம் ஒரு சிற்றிதழில் வந்தது.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "எல்லாம் சரிதான். ஆனா அந்த மூணு நாள்தான் எனக்கு அடுப்படியிலேர்ந்து விடுதலை. நிம்மதியா தொடர்கதை படிப்பேன். அதை எழுதலையே நீ?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண் சற்று உட்கார வேண்டுமென்றாலும் தீட்டுப்பட்டவளாகத்தான் உட்கார வேண்டும் என்றால் அது என்ன வீடு! அடுத்த கதையை அம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்.

ஓவிய ஆசிரியை, அரசுப் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்

ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம், "நீங்கள் ஒளித்து வைக்கிற பொருளை வரையுங்கள்" என்று மட்டும் சொன்னேன். மாதவிடாய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வந்த படங்களில் பெரும்பாலானவை அதுதான். கறுப்பு கவர். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். புத்தகப் பைக்குள் கணக்கு நோட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே செருகிய நாப்கின். அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கினைப் பள்ளியிலேயே கொடுக்கிறோம். அதை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு நடக்கிற இருபதடி தூரத்தில் பிள்ளைகள் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன்.

ஒருத்தி கொடியை வரைந்திருந்தாள். மேலே பாவாடை, அதற்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணி. வீட்டின் பின்பக்கச் சுவரோரம், வெயிலே படாத இடம். இன்னொருத்தி கோயிலை வரைந்திருந்தாள். உள்ளே அம்மன் சிவப்புச் சேலையில். வெளியே மதிலோரம் இவள், அதே சிவப்பில். அந்தப் படத்தைப் பற்றி நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் தகராறு. பெண்கள் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டலாம் என்று சில ஆசிரியைகள் சொன்னார்கள். பெற்றோர் கூட்டம் நடக்கிற கூடத்தில் மாட்ட வேண்டும் என்று நான் நின்றேன். "அப்பாக்கள்லாம் வருவாங்களே?" என்றார் தலைமையாசிரியை. "அவங்க பார்க்கணும்னுதாங்க டீச்சர்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

கூட்டத்தன்று பலர் தலையைக் குனிந்தபடியே கடந்து போனார்கள். ஒருவர் மட்டும் அந்தக் கொடிப் படத்தின் முன்னால் நின்றார். யார் வரைந்தது என்று கேட்கவில்லை. "துணி நிழல்ல காயக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டார். ஈரம் போகாத துணியில் கிருமி வளரும், அரிப்பும் புண்ணும் தொற்றும் வரும், சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும் என்று சொன்னேன். "எங்க வீட்ல இதெல்லாம் எனக்குச் சொன்னதே இல்ல" என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண் என்னிடம் வந்து, வாசல் பக்கம் அப்பா புதுக் கொடி கட்டியிருக்கிறார் என்றாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்போது கொழும்பில்

என் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்கு, மண்டபம் எடுத்து, வீடியோக்காரரைப் பிடித்து, ஊர் முழுவதையும் கூப்பிட்டார்கள். நான் பெரியபிள்ளையானது எந்தக் கிழமை என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் முதல் அதே விஷயம் என் தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது. அந்த முரண் பல வருடங்களாக நெஞ்சில் கிடந்தது.

பிறகு அந்த அல்பத்தின் படங்களைப் பெரிதாகப் பிரதி எடுத்தேன். நகை, மாலை, ஆராத்தித் தட்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, என் முகத்திலிருந்து கீழே வரை சிவப்பு நூலால் தைத்தேன். நண்பர்கள் சேர்ந்து வைத்த ஒரு சிறிய காட்சியில் தொங்கவிட்டேன். அம்மா வந்தா, பார்த்தா, ஒன்றும் பேசவில்லை. ஒரு மாமிதான் கிட்ட வந்து, "என்ர அல்பமும் வீட்டில கிடக்கு பிள்ளை. அதையும் தைச்சுத் தாறியா?" என்று கேட்டா. இப்போது மூன்று குடும்பங்களின் அல்பங்கள் என் மேசையில் இருக்கின்றன.

கோயம்புத்தூர், இரண்டு பிள்ளைகளின் அப்பா

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிதி குப்தாவும் துஹின் பாலும் உருவாக்கிய, மாதவிடாயை விளக்கும் மென்ஸ்ட்ருபீடியா சித்திரக்கதையை மகளுக்காக வாங்கினேன். கூடத்து மேசையிலேயே வைத்தேன். முதலில் எடுத்துப் படித்தவன் மகன். சாப்பிடும்போது தாத்தா முன்னால் அக்காவிடம் சந்தேகம் கேட்டான், அவளும் பதில் சொன்னாள். என் அப்பா எழுந்து போகாமல் சாப்பிட்டு முடித்தார். எங்கள் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்து 2016இல் பத்மஸ்ரீ வாங்கிய முருகானந்தம் எங்கள் ஊர்க்காரர். எல்லோருக்கும் அதில் பெருமை. ஆனால் நான் போகிற மருந்துக் கடையில் இன்னும் செய்தித்தாளில் சுற்றித்தான் தருகிறார்கள். "சுத்த வேண்டாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

டெல்லியில் படித்தவள், சொந்த ஊர் திருநெல்வேலி

2015 மார்ச்சில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் எலோனா கஸ்த்ராத்தி என்ற பெண் நாப்கின்களில் வாசகம் எழுதி ஊர் முழுக்க ஒட்டினார். அதே மாதம் டெல்லியில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழக மாணவர்கள் ஒட்டினார்கள். கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு லாகூரில் பீக்கன்ஹவுஸ் பல்கலைக்கழக மாணவிகளும் சுவரில் ஒட்டினார்கள். கறை படிந்த உடையோடு படுத்திருக்கும் கவிஞர் ரூபி கவுரின் புகைப்படத்தை இன்ஸ்டாகிராம் இரண்டு முறை நீக்கிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டதும் அந்த 2015 மார்ச்சில்தான்.

எங்கள் விடுதி அறிவிப்புப் பலகையில் நாங்களும் ஒட்டினோம். என் அறைத்தோழி மேற்கு நேபாளத்துப் பெண். மாதவிடாய் நாட்களில் பெண்களைக் குடிசைக்கு அனுப்பும் சௌபடியை அங்கே உச்ச நீதிமன்றம் 2005இலேயே தடை செய்தது. 2017இல் அதற்குத் தண்டனையும் சட்டத்தில் வந்தது. "சட்டம் வந்தது, அம்மா இன்னும் குடிசையில்" என்று அவள் நேபாளியில் எழுதி ஒட்டினாள்.

மாலைக்குள் எல்லாவற்றையும் கிழிக்கச் சொல்லிவிட்டார்கள். கிழிக்க வந்தவர் விடுதியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா. அவர் எங்களிடம் சொன்னது: "இது சுத்தமான பேட், இதுக்கே இவ்வளவு சண்டை. நீங்க கழிப்பறைல விட்டுட்டுப் போறதை நான் வெறுங்கையால அள்ளறேன்." நாங்கள் எழுதிய எந்த வாசகத்திலும் அந்தக் கை இல்லை. நாப்கினை அள்ளுகிற வேலை எந்தச் சாதியார் தலையில் விழுகிறது என்பதும் இல்லை. அடுத்த சுவரொட்டி கையுறை கேட்டு, மூடிய குப்பைத்தொட்டி கேட்டு. வாசகம் அந்த அக்கா சொன்னது. அதை யாரும் கிழிக்கவில்லை, கையுறையும் வந்தது.

தமிழ் விரிவுரையாளர், மதுரை

புறநானூற்றில் 299ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. உளுந்துச் சக்கை தின்ற சிற்றூர் மன்னனின் குதிரை களத்தில் பாய்ந்து போகிறது. நெய்ச்சோறு தின்ற பெருமன்னர்களின் குதிரைகள், முருகன் கோட்டத்தில் கலம் தொடாத மகளிர் போல ஒதுங்கி நிற்கின்றன. மாதவிடாய் என்பதால் பாத்திரம் தொடாத மகளிர் என்று உரை சொல்லும். நாங்கள் படித்த காலத்தில் ஆசிரியர் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவார். நான் அங்கேதான் நிறுத்துவேன். வகுப்பே நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்ளும்.

அடுத்து சிவவாக்கியரை எடுப்பேன். தூமை தூமை (மாதவிடாய்த் தீட்டு) என்று ஒதுக்குகிறீர்களே, அது நின்று திரண்டதுதானே உங்கள் உடம்பு என்று சித்தர் நேராகவே கேட்கிறார். ஒரு மாணவன் எழுந்து, "அப்போ இதைக் கேட்டு எத்தனையோ நூற்றாண்டு ஆச்சே மேம், ஏன் எங்க ஊர்ல இன்னும் முட்டு வீடு இருக்கு?" என்றான். மாதவிடாய் நாட்களில் பெண்களை ஒதுக்கி வைக்கும் அந்த வீடு எங்கள் மாவட்டத்தில் சில கிராமங்களில் உண்மையிலேயே இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கட்டுரையாக எழுதி வரச் சொன்னேன். வீட்டுப் பெண்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. பையன்கள் எழுதி வந்ததைப் படித்தபோது, அந்தப் பெண்களிடம் இதுவரை யாருமே கேட்கவில்லை என்பதுதான் தெரிந்தது.

ஓவிய ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

மதுரை மேடம், உங்கள் நிபந்தனையை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பருவத்தில் பையன்களுக்கும் இதே வகுப்பு. வீட்டில் கேட்டு வந்து வரைய வேண்டும். படங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டிருக்கிறேன், பெயர் போடாமல்தான் அனுப்புவேன். சிவப்பு போஸ்டர் கலர் தீர்ந்துவிட்டது, பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் முடிந்தால் கொடுங்கள்.