கிரிக்கெட் பேட்டின் டோ (அடிமுனை) ஈரம் குடித்துப் புடைத்துவிட்டது, காப்பாற்ற முடியுமா?

ஒன்_டவுன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இங்கிலீஷ் வில்லோ மரத்தில் செய்த பேட், இது இரண்டாவது சீசன். முதல் சீசன் முழுக்க ஒரு குறையும் இல்லை. போன மாதம் மழை விட்ட கையோடு ஈரத் தரையில் ஓர் ஆட்டம் ஆடினோம், அன்றைக்கு ரொம்ப நேரம் நின்று ஆடினேன், ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கிரீஸில் பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டே நிற்பது என் பழக்கம். ஆட்டம் முடிந்ததும் துடைக்காமல் அப்படியே உறையில் போட்டு மூலையில் சாத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால் டோவுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு மரம் புடைத்திருக்கிறது, முகப்பில் கையை மேலிருந்து கீழே ஓட்டினால் அந்த இடத்தில் மேடு தட்டுப்படுகிறது. டோவைக் காக்க அடியில் ஒட்டியிருந்த ரப்பர் (டோ கார்டு) ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முன் விளிம்பு மென்று போட்ட வேப்பங்குச்சி மாதிரி நார் நாராகப் பிரிந்திருக்கிறது. காலடியில் விழும் யார்க்கர் பந்தைத் தடுத்தால் முன்பு கேட்ட சத்தம் இல்லை, சொத்தென்று கேட்கிறது.

கூட ஆடும் அண்ணன் ஒருவர், டோவை ராத்திரி முழுக்க லின்சீட் ஆயிலில் (ஆளி விதை எண்ணெயில்) நிற்க வை, எண்ணெய் ஏறிவிட்டால் தண்ணீர் ஏறாது என்கிறார். செய்யலாமா? டோ கார்டை நானே மாற்றலாமா, இல்லை பேட் செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டுமா? இந்த பேட்டை விட மனமில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

இழைப்புளி எழுதியது:

எண்ணெயில் நிற்க மட்டும் வைத்துவிடாதீர்கள். மரத்தில் தண்ணீர் மேலே ஏறுவதற்கென்றே நுண்குழாய்கள் உண்டு, பேட்டில் அவை கைப்பிடியிலிருந்து டோ வரை நெடுக ஓடுகின்றன. முகப்பிலும் பக்கவாட்டிலும் அந்தக் குழாய்கள் படுத்துக் கிடப்பதால் ஈரம் மெதுவாகத்தான் இறங்கும். டோவில் அவற்றைக் குறுக்கே அறுத்திருக்கிறார்கள், அத்தனை குழாயும் வாய் திறந்து தரையைப் பார்த்து நிற்கிறது. தண்ணீரைக் குடித்த அதே வாய் எண்ணெயையும் குடிக்கும். எண்ணெய் அளவுக்கு மீறினால் மரம் கனத்து, சதசதத்து, அடி எழும்பாது. அதைவிடப் பெரிய தொல்லை, எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது, பிறகு டோ கார்டை எப்படி ஒட்டுவீர்கள்?

முதல் வேலை, அந்த ரப்பரை முழுசாகப் பிய்த்தெடுங்கள். பாதி ஒட்டிய டோ கார்டு ஒன்றுமே இல்லாததைவிட மோசம், இடுக்கு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் பேட்டைப் படுக்கை வாக்கில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயில், ஹீட்டர், முடி உலர்த்தும் மெஷின் எதுவும் ஆகாது. மேல்தோல் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, நடுவில் மரம் பிளந்துவிடும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள், குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். புடைப்பு கொஞ்சம் அடங்கும், பழையபடி முழுசாகப் போகாது. அந்த மேட்டைச் சமப்படுத்தலாம் என்று நினைத்து இழைக்காதீர்கள், அழுத்திப் பதப்படுத்திய மேல்பகுதி போய்விடும்.

கீப்பர்_கையுறை எழுதியது:

டோ கார்டு நீங்களே மாற்றலாம், நான் எங்கள் அணிக்கு நிறைய பேட்டுக்கு ஒட்டியிருக்கிறேன். ரப்பர் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, டோவில் ஒட்டும் பொருளுக்கு கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப்பின் விதிகளில் அதுதான் உச்ச அளவு. பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி வெறும் மரம் தெரிய வையுங்கள். நார் பிரிந்த விளிம்பில் மரப்பசையைக் கொஞ்சமாக விட்டு, விரலால் அழுத்தி உள்ளே இறக்கி, டேப் சுற்றி ஒரு நாள் விடுங்கள்.

அடுத்தது செருப்பு ஒட்டுவார்களே, அந்த மஞ்சள் ரப்பர் பசை. டோவிலும் ரப்பரிலும் மெல்லிசாகத் தடவுங்கள். டோ முதல் கோட்டைக் குடித்துவிடும், அது காய்ந்ததும் இன்னொரு கோட். தடவிய உடனே ஒட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது, அதுதான் பதம். ரப்பரைச் சுற்றிலும் கொஞ்சம் பெரிசாக வெட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒருமுறை பட்டுவிட்டால் நகர்த்த முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனால் காற்றுக் குமிழி நிற்காது. மறுநாள் புது பிளேடால் ஓரத்தை வெட்டி, உப்புத்தாள் போட்டு மரத்தோடு மட்டமாக்குங்கள். ஒரு நூல் வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் தரையில் மாட்டி அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். உங்களுடையதும் அப்படித்தான் பிரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பகுதிநேர_ஸ்பின்னர் எழுதியது:

ரப்பர் ஷீட்தான் வேண்டும் என்றில்லை. டியூபில் வரும் ஷூ பசை உண்டு, காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். டோ வளைவாகவோ தேய்ந்து கோணலாகவோ இருந்தால் ஷீட் சரியாக உட்காராது, இது பள்ளத்தையும் சேர்த்து நிரப்பும். இதற்கும் அந்த 3 மி.மீ. கணக்கு உண்டு. தேய்ந்தால் மேலேயே இன்னொரு பூச்சு பூசிக்கொள்ளலாம், நான் மூன்று சீசனாக இப்படித்தான் ஓட்டுகிறேன். எண்ணெயைப் பற்றி ஒன்று. முகப்பில் சில துளி விட்டுத் துணியால் தேய்த்தாலே போதும், பிறகு பேட்டைப் படுக்க வையுங்கள், நிற்க வைத்தால் எண்ணெய் டோவில் வந்து தேங்கும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், சுருட்டிப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

ஒன்_டவுன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரப்பரைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே சேறு இன்னும் ஈரமாகவே இருந்தது, ஒரு மாதத்துக்கு அப்புறமும்! முதல் நாள் எடை 1,214 கிராம். மூன்று வாரத்தில் 1,189க்கு வந்து, நான்காவது வாரமும் அதிலேயே நிற்கிறது. மேடு பாதி அடங்கிவிட்டது. ஆனால் டோவில் ஒரு மூலையில் கறுப்பாக ஒரு கறை தெரிகிறது, அதன் மேலேயே ரப்பரை ஒட்டலாமா?

இழைப்புளி எழுதியது:

அந்த இடத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பக்கத்து மரம் போலவே கெட்டியாக இருந்தால் அது வெறும் பூஞ்சைக் கறை, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தாராளமாக ஒட்டலாம். நகம் உள்ளே இறங்கினால் மரம் மக்க ஆரம்பித்துவிட்டது, ஒட்டாதீர்கள். அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து வேறு வில்லோ வைத்து இணைக்க வேண்டியிருக்கும், அதைப் பேட் செய்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஒன்_டவுன் எழுதியது:

இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை. நாளைக்குப் பசை வாங்கி வருகிறேன்.