நெடுந்தூர ரேடியோ இணைப்பு: களத்தில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இரண்டு கோபுரங்கள், நடுவில் 40 கிலோமீட்டர் சமவெளி, 5.8 கிகாஹெர்ட்ஸ். நான் தனியாகத் திட்டமிட்ட முதல் நெடுந்தூர இணைப்பு அது. ஒன்றரை மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கணக்கில் குறை இல்லை. அந்தத் தூரத்துக்கு வெட்டவெளியிலேயே ஏறத்தாழ 140 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) இழப்பு உண்டு. கருவி தருவது 23 டிபிஎம், இரு முனைகளிலும் 31 டெசிபெல் ஆதாயமுள்ள தட்டு ஆன்டெனா, கேபிளுக்கும் இணைப்பிகளுக்கும் 2 டெசிபெல் கழிவு. மைனஸ் 57 டிபிஎம் வர வேண்டும் (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). இரவில் கிட்டத்தட்ட அதுவே வந்தது. காலை பதினொரு மணிக்கு மேல் சிக்னல் சரியத் தொடங்கும். பிற்பகலில் மைனஸ் 75-க்கும் கீழே போய் அறுந்து அறுந்து வரும். பொழுது சாய்ந்ததும் தானாகவே மீளும்.

நான் வெயிலைச் சந்தேகித்தேன். கருவி சூடாகிறது என்று நிழல் தடுப்பு கட்டினேன். மின்வழங்கியை மாற்றினேன். பகலில் யாரோ குறுக்கிடுகிறார்கள் என்று சேனலை மூன்று முறை மாற்றினேன். வழியில் தடை இருக்குமோ என்ற ஐயம் மட்டும் எழவேயில்லை. நிறுவிய அன்று இரவு எதிர்க் கோபுரத்தில் ஏற்றிய விளக்கைப் பைனாகுலரில் என் கண்ணாலேயே பார்த்திருந்தேனே!

அந்த விளக்குதான் என்னை ஏமாற்றியது. கண்ணுக்கு நூலிழை அளவு வழி போதும். ரேடியோ அலைக்கோ நடுவில் பருத்து, இரு முனைகளிலும் கூம்பிய பெரிய இடம் வேண்டும். அதுதான் ஃப்ரெனல் மண்டலம். இந்தத் தூரத்துக்கு நட்டநடுவில் அதன் ஆரம் ஏறக்குறைய 23 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 14 மீட்டராவது, தடையின்றி இருக்க வேண்டும். அதற்குக் கீழே புவியின் வளைவு வேறு. வளிமண்டலம் அலையை வளைப்பதற்காக, புவியின் ஆரத்தை 4/3 மடங்காக வைத்துக்கொள்ளும் வழக்கமான திருத்தத்தோடு பார்த்தால், நடுவில் தரை 23.5 மீட்டர் புடைத்திருக்கிறது. ஆன்டெனாக்கள் இரண்டும் 45 மீட்டர் உயரத்தில் இருந்தன. புடைப்பு போக 21.5 மீட்டர், தேவை 14. ஏழு மீட்டருக்கு மேல் மிச்சம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நான் நம்பிய நில உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் பயணத்தில் ரேடாரால் அளந்தது. அதற்குப் பிறகு நட்ட மரம் அதில் எப்படி இருக்கும்? கடைசியில் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு நடுவழிக்கே போனேன். 19-ஆவது கிலோமீட்டரில் தொடங்கி இரண்டு கிலோமீட்டருக்கு அடர்ந்த தோப்பு. மரங்கள் 18 மீட்டர் உயரம். தோப்பின் ஓரத்தில் நின்றபோது அவமானத்தைவிட ஆறுதல்தான் அதிகமாக இருந்தது.

இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது அலை கூடுதலாகக் கீழ்நோக்கி வளைகிறது. நமக்குப் புவியின் புடைப்பு தணிந்ததுபோல் ஆகிறது. வெயில் ஏறிக் காற்று கலங்கியதும் அந்தச் சலுகை போய்விடும். திருத்தம் 4/3-இலிருந்து 1-க்கு இறங்கினாலே புடைப்பு 31 மீட்டர். அலை நேரே மரத்துக்குள் நுழைகிறது.

கோபுரங்களை உயர்த்த வழியில்லை. தோப்பை ஒட்டிய மேட்டில் ஓர் இடைநிலைக் கோபுரம் நிறுத்தி, இணைப்பை இரண்டாகப் பிரித்தோம். புடைப்பு தூரத்தின் இருபடியாக ஏறுவது. பாதித் தூரத்துக்கு அது கால் பங்கு, ஆறு மீட்டர்தான். இப்போது பகலுக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

*

உங்கள் கதையில் மரம். எனக்கு வில்லன் தண்ணீர்.

ஏரிக்கு மேலே 26 கிலோமீட்டர். ஒரு முனை குன்றின் மேல், மறுமுனை கரையோரக் கட்டடத்தில். ஃப்ரெனல் மண்டலம் முழுக்கத் திறந்தவெளி. ஆனால் சிக்னல் 20 டெசிபெல் வரை ஏறி இறங்கும். விந்தை என்னவென்றால், காற்றடித்து அலை புரளும் நாள்களில் இணைப்பு உறுதியாக இருக்கும். நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கிடக்கும் நாளில்தான் தடுமாறும். எனக்கு அதுவே துப்பாக அமைந்தது. அமைதியான நீரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலைக்கு எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி, வந்து சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீர் கலங்கினால் அந்த எதிரொளிப்பு சிதறிப்போகிறது.

எல்லோரும் ஆன்டெனாவை உயர்த்தச் சொன்னார்கள். நான் கரையோர ஆன்டெனாவை இறக்கினேன். எதிரொளிக்கும் புள்ளி எப்போதும் தாழ்ந்த ஆன்டெனாவின் பக்கம் நகரும். அது நீரை விட்டு விலகி, கரையின் கரடுமுரடான மேட்டில் விழுந்தது. ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மறுமுனை குன்றின் உச்சியில் இருந்ததால்தான் இது முடிந்தது. சமவெளியில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

*

என் அனுபவம் சிறியது. ஆனால் புதிதாக வருபவர்கள் பலர் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். 31 கிலோமீட்டர் இணைப்பில் சிக்னல் கணக்கைவிடச் சரியாக 20 டெசிபெல் குறைவு. ஆன்டெனாவை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். இரு பக்கமும் குறைந்தது. இதுவே உச்சம் என்று திருகுகளை இறுக்கிவிட்டேன். உண்மையில் நான் பிடித்திருந்தது பக்கக் கதிர். 90 சென்டிமீட்டர் தட்டின் முதன்மைக் கதிரே நான்கு பாகைதான். அதற்கு இரு பக்கமும் இப்படிப் பொய் உச்சங்கள் இருக்கும். இப்போதெல்லாம் முதலில் அகலமாக ஒரு வீச்சு வீசி, மூன்று உச்சங்களையும் கண்ட பிறகே நடுவில் நிறுத்துகிறேன். இரும்புக் கோபுரத்தில் நின்றுகொண்டு காந்தத் திசைகாட்டியை நம்பியதுதான் தொடக்கப் பிழை. தொலைவில் தெரியும் ஓர் அடையாளத்தின் திசையை வரைபடத்தில் அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

*

சிக்னல் அருமையாக இருந்தும் தரவு போகாத அனுபவம் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு, 50 கிலோமீட்டரில். வைஃபை வகைக் கருவி தரவைச் சிறு பொட்டலங்களாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’ என்ற ஒப்புகைக்காகக் காத்திருக்கும். போய்வர 334 மைக்ரோவினாடி ஆகிறது. கருவியோ சில நூறு மீட்டரை நினைத்துக் காத்திருந்து, வரவில்லை என்று மறுபடி மறுபடி அனுப்பியது. அமைப்பில் தூரத்தை மாற்றியதும் சரியாயிற்று. ஆன்டெனாவில் ஒரு பகல் வீணானது.

2007-இல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி குழுவினர் 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு அமைத்தபோதும் இந்தக் காத்திருப்பு பெரிய சிக்கல்தான். ஒப்புகையை நம்பாமல், நேரத்தைப் பங்கிட்டு அனுப்பும் மென்பொருளால்தான் நல்ல வேகம் கிடைத்தது. அந்தத் தூரத்துக்குப் புவியின் புடைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள், 2,100 மீட்டருக்கு மேல் வரும். அவர்கள் மலையுச்சிகளைத் தேடிப்போன காரணம் அப்போது விளங்கும்.

முதலில் எழுதிய நண்பரிடம் ஒரு கேள்வி: மரத்தின் உயரத்தை எப்படி அளந்தீர்கள்?

*

பெரிய கருவி எதுவும் இல்லை, ஐயா. பாகைமானியில் நூலும் ஒரு சிறு எடையும் கட்டி, மரத்தின் நுனி 45 பாகையில் தெரியும் இடம்வரை பின்னால் நகர்ந்தேன். அங்கிருந்து அடிமரம் வரை நாடாவால் அளந்தால் 16.4 மீட்டர், என் கண்ணின் உயரம் 1.6. இப்படிப் பன்னிரண்டு மரங்களை அளந்து, மிக உயரமானதை எடுத்துக்கொண்டேன். இடைநிலைக் கோபுரத்துக்கு அதன்மேல் இன்னும் ஐந்து மீட்டர் கூட்டியே கணக்குப் போட்டேன். அந்தத் தோப்பு இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.